214ஆம் நம்பர் பாட்டு

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் 1979 முதல் 2003 வரை கேட்ட பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் எங்கள் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பத்துக்கு எட்டு அடி இடம். ஒரு சுவர் முழுக்க இசைத்தட்டுகள், எதிர்ச்சுவரில் கேசட்டுகள். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் டர்ன்டேபிள், ஆம்ப்ளிஃபையர், இரண்டு கேசட் டெக். இன்று அந்த இடத்தில் ஜூஸ் கடை இருக்கிறது. இசைத்தட்டுகள் எடைக்குப் போய்விட்டன. மிச்சம் இருப்பது இரண்டு அட்டைப்பெட்டி கேசட்டும் ஒரு நோட்டும்தான்.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணக்கு எழுதும் நீளமான பேரேடு. அதில் அப்பா தன்னிடம் இருந்த ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நம்பர் கொடுத்து எழுதி வைத்திருந்தார். நம்பர், பாட்டின் முதல் வரி, படம், வருஷம், பாடியவர், இசை, எழுதியவர், கடைசிக் கட்டத்தில் பாட்டின் நீளம். நீளம் நிமிஷக் கணக்கில் இல்லை, நொடி வரைக்கும் இருக்கும். 4.12, 3.48 என்று. அது எதற்கு என்றால், அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம்தான். ஏழு பாட்டு போட்டால் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து போகும், ஆறு போட்டால் மூணு நிமிஷம் வெறும் இரைச்சல் ஓடும். எந்த ஆறு, எந்த ஏழு என்று கூட்டிக் கழித்து வரிசைப்படுத்துவதுதான் கடையின் வேலையே. பாட்டைப் பாதியில் அறுத்துக் கொடுத்த கடை என்று பெயர் வாங்குவதை அப்பாவால் தாங்க முடியாது.

ஆட்கள் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். சிலர் எழுத மாட்டார்கள், ராகத்தை முணுமுணுப்பார்கள். "அண்ணாச்சி, இலங்கை வானொலில நேத்து ராத்திரி போட்டானே, ஒரு பொம்பளை அழுதுகிட்டே பாடுமே" என்பார்கள். அப்பா கண்ணை மூடி யோசித்து ஒரு நம்பர் சொல்வார். நான் நோட்டைப் புரட்டி சரி பார்ப்பேன். குற்றாலம் சீசனில் வெளியூர் வேன்கள் வந்து நிற்கும், ராத்திரி பதினொரு மணி வரை கடை ஓடும். கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர்கள் சவுதி, துபாய் என்று கிளம்புவதற்கு முந்தின வாரம் பத்து, இருபது கேசட்டாகப் பதிந்துகொண்டு போவார்கள். எங்கள் கடைப் பாட்டு கடல் தாண்டிப் போகிறது என்பதில் எனக்குச் சின்ன வயதில் அவ்வளவு பெருமை. காலி கேசட்டுக்கு முப்பது ரூபாய், பதிவுக்குப் பதினைந்து. இது 90ஆம் வருஷத்துக் கணக்கு.

214ஆம் நம்பர் ஒரு சின்னத் தட்டில் இருந்த பாட்டு, நிமிஷத்துக்கு 45 சுற்றில் ஓடும் இ.பி. எங்கள் ஊர்த் தியேட்டரில் ஒரு வாரம்கூட நிற்காத படம். அப்புறமும் அந்தப் படத்துக்குக் கேசட் என்று எதுவுமே நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் பாட்டைக் கேட்டவர்கள் விட மாட்டார்கள். 88இல், எனக்கு ஏழு வயது, அப்பா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நானாக அந்தத் தட்டைப் போட்டுக் கேட்கப் போய், டர்ன்டேபிளின் கையைத் தட்டிவிட்டேன். ஊசி தட்டின் குறுக்கே கோடு இழுத்தது. அன்றிலிருந்து இரண்டாவது சரணத்தில் ஒரு இடத்தில் பாட்டு குதிக்கும். ஒரு சொல்லை விழுங்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். தட்டு ஒரு சுற்றுச் சுற்றுகிற நேரம்தான், ஒன்றரை நொடிகூட இருக்காது. அப்பா என்னை அடிக்கவில்லை. நோட்டில் 214க்கு நேரே 'குதிக்கும்' என்று பென்சிலில் எழுதினார். அதற்கு அப்புறம் அந்தப் பாட்டைப் பதியும்போதெல்லாம் அந்த இடம் வருவதற்குச் சற்று முன் ஆள்காட்டி விரலால் ஊசிக் கையை மெல்லத் தாங்கிப் பார்ப்பார். எத்தனை தடவை தாங்கினாலும் குதிக்கத்தான் செய்தது. வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்: "ரெண்டாவது சரணத்துல ஒரு குதி குதிக்கும், பரவால்லையா?"

சட்டப்படி நாங்கள் செய்தது தப்பு. இதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. தட்டு வாங்கினால் கேட்கும் உரிமைதான் வரும், பதிந்து விற்கும் உரிமை வராது. 94இல் ஒரு கம்பெனியின் ஆள் போலீசோடு வந்து இரண்டு டெக்கையும் கேசட்டுகளையும் அள்ளிக்கொண்டு போனார். வழக்கு மூன்று வருஷம் இழுத்தது. அப்பா கோர்ட்டு வாசலில் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சி இப்போதும் என் நெஞ்சில் இருக்கிறது.

ஆனால் அதைவிட அதிகமாக அப்பாவை உலுக்கியது வேறொரு விஷயம். கோடம்பாக்கத்தில் பல வருஷம் தபேலா வாசித்துவிட்டு இலஞ்சிக்குத் திரும்பி வந்த ஒரு பெரியவர் ஒருநாள் கடைக்கு வந்தார். தான் வாசித்த பாட்டுகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒன்றுகூட அவரிடம் கிடையாது. அப்பா ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்ட, அவர் மேஜை விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். "கால்ஷீட்டுக்குக் காசு வாங்கியாச்சு அண்ணாச்சி, அதோட சரி. பாட்டு எங்க போச்சு, யார் வித்தா, நமக்குத் தெரியாது" என்றார். அப்பா அவரிடம் காசு வாங்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது, "கம்பெனியும் அவருக்குக் குடுக்கல, நாமளும் குடுக்கல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இணையத்தில் பாட்டைக் கைமாற்ற வழிசெய்த நாப்ஸ்டர் முதல் இன்றைய ஆப் வரைக்கும் இசையைப் பற்றி யார் எந்த வாதம் வைத்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த வார்த்தைதான்.

நாப்ஸ்டரை நான் முதலில் பார்த்தது 2000ஆம் வருஷம், பாளையங்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில். கல்லூரி இரண்டாம் வருஷம். மணிக்கு நாற்பது ரூபாய். சென்டர் பையன்தான் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தான். இளையராஜா என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் அடித்துப் பார்த்தோம். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் வேறு வேறு பாட்டுகள் வந்தன. பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் அதை வைத்திருக்கிறவரின் புனைபெயரும் அவருடைய இணைப்பின் வேகமும் இருக்கும். உலகத்தின் எந்த மூலையிலோ தமிழ்க்காரர் ஒருவர் கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்திருக்க, அவரிடமிருந்து ஒரு பாட்டு சொட்டுச் சொட்டாக எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. எண்பத்தேழு சதவீதம் வந்ததும் அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போய்விட்டார். மறுபடி வேறொருவரிடமிருந்து முதலில் இருந்து. முக்கால் மணி நேரம், முப்பது ரூபாய். அப்பா இரண்டு கேசட் பதிய வாங்கும் காசு. அப்புறம் அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. பாட்டு நாலு எம்.பி.க்கு மேல், ஃபிளாப்பியில் ஒன்றரை எம்.பி.கூடப் பிடிக்காது. துண்டு துண்டாக வெட்டி நாலு ஃபிளாப்பியில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அன்று பஸ்ஸில் வரும்போது எனக்குத் தோன்றியது இதுதான்: நாப்ஸ்டர் என்பது எங்கள் கடை நோட்டு. பாட்டு அதில் இல்லை. பாட்டு ஆட்களிடம் இருக்கிறது. எந்தப் பாட்டு யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் மட்டும்தான் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பட்டியலைப் பார்த்து இவர் அவரிடமிருந்து நேராக எடுத்துக்கொள்கிறார். ஷான் ஃபேனிங் என்ற பதினெட்டு வயதுப் பையன் பாஸ்டனில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு எழுதிய புரோகிராம் அது. 1999 ஜூனில் வெளியே வந்தது. டிசம்பரிலேயே அமெரிக்க ரெக்கார்டிங் கம்பெனிகளின் சங்கம் வழக்குப் போட்டுவிட்டது. மெட்டாலிகா என்ற ராக் குழுவின் வெளிவராத பாட்டு ஒன்று அதில் கசிந்து ரேடியோ வரை போனதும் 2000 ஏப்ரலில் அவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். அந்தக் குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிச், தங்கள் பாட்டுகளைப் பகிர்ந்த மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்களின் புனைபெயர்களைக் காகிதத்தில் அச்சிட்டுப் பெட்டி பெட்டியாக நாப்ஸ்டர் அலுவலகத்தில் கொண்டுபோய் இறக்கினார்.

உல்ரிச்சை அன்று உலகமே திட்டியது. எனக்கு இப்போது அப்படித் திட்ட மனசு வரவில்லை. இன்னும் முடிக்காத பாட்டு ஒன்று தன் அனுமதி இல்லாமல் ரேடியோவில் ஓடுவதைக் கேட்டால் எந்தக் கலைஞனுக்கும் வலிக்கும். அவர் ஒரு கலைஞர், தன் வேலையைப் பற்றிப் பேசினார். கம்பெனிகளின் கதை வேறு.

நாப்ஸ்டரிடம் பட்டியல் இருந்ததுதான் அதை வீழ்த்தியது. பட்டியல் உன் கையில் இருக்கிறது, அதனால் நீ தடுக்க முடியும், ஆனாலும் தடுக்கவில்லை என்றது கோர்ட்டு. 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். உரிமை உள்ள பாட்டுகளில் 99.4 சதவீதத்தைத் தடுத்துவிட்டோம் என்று நாப்ஸ்டர் சொன்னபோது, மாவட்ட நீதிபதி மர்லின் ஹால் பட்டேல் நூறு சதவீதம் தடுக்க வேண்டும் என்றார். 2001 ஜூலையில் சேவை நின்றது. அடுத்து வந்தவர்கள் இதிலிருந்து பாடம் படித்துக்கொண்டு பட்டியலே இல்லாத மாதிரி எழுதினார்கள். கசா, குரோக்ஸ்டர் எல்லாம் அப்படி வந்தவைதான். எங்கள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் கடை அன்றே நின்றிருக்கும். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் நோட்டு இருந்தால் யாரைப் போய்ப் பிடிப்பது?

கம்பெனிகள் கட்டுப்பாட்டை இழந்தது இணையத்தால் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எங்கள் கடையில் வளர்ந்தவள் என்பதால் இதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அது இழக்கப்பட்டது கேசட்டில். இசைத்தட்டு அச்சடிக்க ஒரு ஆலை வேண்டும். இந்தியாவில் பல காலம் அந்த ஆலை என்றால் கல்கத்தா டம் டம்மில் இருந்த எச்.எம்.வி. ஆலைதான். எந்தப் பாட்டு வெளிவரும், எந்தப் பாட்டு மறுபடி அச்சாகும், என்ன விலை, எல்லாம் அவர்கள் கையில். பிலிப்ஸ் கம்பெனி 1963இல் கேசட்டைக் கொண்டுவந்தது. கேசட் பதிய ஆலை வேண்டாம், எங்கள் அப்பா மாதிரி ஒருவர் கடன் வாங்கி இரண்டு டெக் வாங்கினால் போதும். 80களில் வடக்கே டி-சீரீஸ் மலிவு விலைக் கேசட்டுகளை ஊர் ஊராக இறக்கி எச்.எம்.வி.யின் பிடியைத் தளர்த்தியதும் இதே காரணத்தால்தான். அதே 80களில் இங்கிலாந்தில், வீட்டில் கேசட் பதிவது இசையைக் கொல்கிறது என்று கம்பெனிகள் இயக்கமே நடத்தின. கேசட்டை மண்டையோடு மாதிரி வரைந்து கீழே இரண்டு எலும்பைக் குறுக்கே போட்டிருப்பார்கள். இசை சாகவில்லை. 1999இல் அமெரிக்காவில் மட்டும் பதிவு இசையின் வருமானம் 1460 கோடி டாலர், அதுவரை இல்லாத உச்சம்.

அந்த உச்சத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஒருவருக்கு ஒரு பாட்டு வேண்டும் என்றால் பதினைந்து டாலருக்கு மேல் கொடுத்து முழு சிடியும் வாங்கச் சொன்னார்கள். கடைக்காரர்கள் விலை குறைத்து விளம்பரம் செய்யாதபடி ஐந்து பெரிய கம்பெனிகளும் ஒப்பந்தம் போட்டு வைத்திருந்ததை அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2000 மே மாதம் வெளியே கொண்டுவந்தது. மூன்று வருஷத்தில் மக்கள் 48 கோடி டாலர் வரை அதிகமாகக் கொடுத்திருக்கலாம் என்றது ஆணையம். அதாவது மெட்டாலிகாவின் பெட்டிகள் நாப்ஸ்டர் வாசலில் இறங்கிய அதே மாதம். நாப்ஸ்டரில் கோடிக்கணக்கான ஜனங்கள், அவரவருக்கு வேண்டிய பாட்டை அவரவரே தேடிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். துண்டுச் சீட்டோடு வாசலில் நிற்கும் ஆளிடம் "என்ன பாட்டு வேணும்?" என்று கேட்பதுதான் கடைக்காரனின் முதல் வேலை. அதை அவர்கள் கேட்கவில்லை. 2001 கடைசியில் பிரஸ்பிளே, மியூசிக்நெட் என்று அவர்களே இரண்டு கடை திறந்தார்கள். ஒன்றில் இருக்கும் கம்பெனிகளின் பாட்டு மற்றதில் கிடைக்காது. மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் இறக்கிய பாட்டும் பாடாது. யார் போவார்கள்? கடைசியில் 2003 ஏப்ரலில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிதான், ஆப்பிள், ஒரு பாட்டு 99 சென்ட் என்று ஐடியூன்ஸ் கடையைத் திறந்தது. இரண்டு லட்சம் பாட்டோடு.

அதே வருஷம் செப்டம்பரில் அமெரிக்க ரெக்கார்டிங் கம்பெனிகளின் சங்கம் தனி ஆட்கள் 261 பேர் மேல் வழக்குப் போட்டது. அதில் நியூயார்க்கில் அரசுக் குடியிருப்பில் வசித்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி. அவள் அம்மா 2000 டாலர் கட்டி வழக்கை முடித்தார். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது எனக்குக் கோர்ட்டு வாசலும் அப்பாவின் வேட்டி நுனியும்தான் கண் முன்னால் வந்தன. உன் பாட்டை உயிராக நினைத்துத் தேடி வந்தவர்களையே கூண்டில் ஏற்றினால், அதற்கு அப்புறம் அவர்கள் உன் கடைக்கு எப்படி வருவார்கள்?

எங்கள் கடையை மூட வைத்தது நாப்ஸ்டர் இல்லை. தென்காசியில் அதை யார் பார்த்தார்கள்? எம்.பி.3 சிடிதான். நூற்றைம்பது பாட்டு ஒரே சிடியில், முப்பது ரூபாய், பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பில். ஜெர்மனியில் எர்லாங்கன் ஊரில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தில் உருவான தொழில்நுட்பம். மனிதக் காதுக்கு எந்த ஒலி எந்த ஒலியை மறைக்கும் என்று கணக்குப் பார்த்து, மறையும் ஒலியைக் கழித்துவிடுவது. சிடியில் இருப்பதில் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்பாவுக்கு ஒன்று வாங்கிப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சலங்கைச் சத்தம் தண்ணில நனைஞ்ச மாதிரி இருக்கேம்மா" என்றார். சரியாகத்தான் சொன்னார். அந்த மலிவு சிடிகளில் முதலில் கெடுவது சலங்கையும் ஜால்ராவும்தான். அப்புறம் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் ஹீரோ படம், பின்பக்கம் முதல் வரிகள். பாடியவர் பெயர் இல்லை, எழுதியவர் பெயர் இல்லை. "யாரு எழுதினான்னு தெரியாம எப்படிக் கேக்கது?" என்றார். அடுத்த மாதம் கடையைக் காலி செய்தோம்.

2005இல் நான் சென்னையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் ஐ.டி.யில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஆபீஸ் நெட்வொர்க்கில் யாராவது ஒருவர் பாட்டு ஃபோல்டர் ஒன்றைப் பொதுவில் திறந்து வைத்திருப்பார். எங்கள் மாடியில் அப்படி ஒன்றில் பல ஆயிரம் பாட்டு இருந்தது. ராத்திரி ஷிஃப்டில் அதை மேய்ந்துகொண்டிருந்தபோது 214 கண்ணில் பட்டது. படத்தின் பெயர் தப்பு, பாடகி பெயர் தப்பு. ஆனால் பாட்டு அதுதான். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு கேட்டேன். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணம். அந்த இடத்தில், அதே சொல்லில், பாட்டு குதித்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் பாட்டை எத்தனை பேர் வேண்டுமானாலும் இணையத்தில் ஏற்றியிருக்கலாம், ஆனால் அந்தக் குதி ஒரே ஒரு தட்டில்தான் இருந்தது. எங்கள் கடையில் பதிந்த கேசட் ஒன்று யாரோ ஒருவர் பெட்டிக்குள் இருந்து கம்ப்யூட்டருக்கு ஏறி, கை மாறி, கை மாறி, நான் உட்கார்ந்திருந்த நாற்காலி வரை வந்திருக்கிறது. கடையநல்லூரில் இருந்து ரியாத் போனவரோ, சீசனுக்கு வந்தவரோ, யாரென்று தெரியாது. உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன். ராத்திரி ரெண்டு மணி. அவர் பேசவே இல்லை. நான் ரிசீவரை ஹெட்ஃபோனில் வைத்தேன், பாட்டை முழுக்கக் கேட்டார்.

கம்பெனிகளும் மாறின. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2011இல் 'கொலவெறி' பாட்டின் கரடுமுரடான பதிவு ஒன்று முன்கூட்டியே இணையத்தில் கசிந்தபோது, யாரையும் துரத்தாமல் அதிகாரபூர்வப் பதிவை யூடியூபில் தாங்களே போட்டார்கள். நவம்பர் 16. ஒரு மாதத்தில் உலகம் முழுக்கப் பாடியது. இதே தொழில் அடுத்த வருஷமே கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கி 104 பாட்டு தளங்களை முடக்கவும் செய்தது. சரேகமா ஐயாயிரம் பழைய பாட்டை ஒரு பெட்டியில் போட்டுக் கேரவான் என்று விற்றது. தமிழ்க் கேரவான் ஒன்றை அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தேன், காலையில் அதுதான் பாடுகிறது. என் மனசுக்கு நிறைவான மாற்றம் 2012இல் நடந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம். படத்துக்கு எழுதிய கவிஞரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி பங்கை வாரிசுக்கோ ராயல்டி வசூலிக்கும் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று ஆனது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் நின்று அதற்காகப் பேசினார். இலஞ்சிப் பெரியவர் மாதிரி வாத்தியம் வாசித்தவர்களுக்குக் கவிஞருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள அந்தப் பங்கில் இடம் இல்லை. அது எனக்கு இன்னும் குறைதான்.

2013இல் மிச்சமிருந்த கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தேன். பெல்ட் போன டெக் ஒன்றைச் சரிசெய்து, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைத்து, ராத்திரி ஒரு பக்கம், மறுநாள் ஒரு பக்கம். கடைகளில் எங்கும் கிடைக்காத பாட்டுகளை மட்டும் ஒரு வீடியோ தளத்தில் போட்டேன், காசு எதுவும் வராதபடிதான். ஒவ்வொன்றுக்கும் கீழே நோட்டில் இருந்ததை அப்படியே எழுதினேன்: படம், வருஷம், பாடியவர், இசை, எழுதியவர். 214ஐயும் போட்டேன். இறந்துபோன அந்தக் கவிஞரின் பேத்தி கீழே வந்து, "தாத்தா எழுதியது என்றே எங்களுக்குத் தெரியாது" என்று எழுதினார். ரெண்டு வருஷம் கழித்து ஒரு கம்பெனி உரிமை கேட்டது, பாட்டு நீக்கப்பட்டது. உரிமை அவர்களுடையது, நான் எதிர்த்து வாதாடவில்லை. ஆனால் பாட்டோடு அந்தக் கவிஞரின் பெயரும் பேத்தியின் வரியும் சேர்ந்தே போனது.

போன மாதம், பாட்டு ஆப் ஒன்றில் 214 வந்திருப்பதைப் பார்த்தேன். கம்பெனியே அதிகாரபூர்வமாக ஏற்றியது, மேலே உரிமைக் குறியோடு. அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. காது கொஞ்சம் மந்தம். தென்காசி வீட்டுத் திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் சேர்த்துப் போட்டேன். நல்ல சுத்தமான ஒலி, இரைச்சலையெல்லாம் எடுத்திருந்தார்கள். மூல நாடாவிலிருந்து எடுத்திருப்பார்கள், விழுங்கிப்போன அந்தச் சொல்லை இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் கழித்துக் கேட்கப் போகிறோம் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

இரண்டாவது சரணம் வந்தது. அந்த இடத்துக்குச் சற்று முன்னால் அப்பாவின் வலது கை ஆள்காட்டி விரல் தானாக உயர்ந்து, எதையோ தாங்குகிற மாதிரி காற்றில் நின்றது.

குதித்தது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். பாட்டு முடிகிற வரை இரண்டு பேரும் பேசவில்லை. முடிந்ததும் போனை வாங்கித் தூரமாகப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எழுதினது யாருன்னு போட்டுருக்காங்களாம்மா?"

"இல்லப்பா."

"நோட்டுல இருக்கு, எடுத்துட்டு வா."